போன ரீசெட் பண்ணாதீங்கக்கா, உங்க கூலிக் கணக்கே அதுக்குள்ளதான் இருக்கு

கம்பம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க. ஊரு, தோட்டம், ஆள் பேரு எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்த மட்டும் சொல்றேன். வயசு 47. வீட்டுக்காரர் தவறி சில வருஷம் ஆச்சு. தினமும் விடியக்காலைல 14 பொம்பளைங்கள ஜீப்ல கூட்டிட்டு கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்கு போறாங்க, இவங்களும் கூடவே காயெடுக்குறாங்க, ஆள் கணக்கு, அட்வான்ஸ், ஜீப் வாடகை எல்லாம் இவங்க பொறுப்பு. வாரக்கூலிய தோட்டத்து சூப்பர்வைசர் மொத்தமா இவங்க ஜிபேவுக்கு போட்டுவிடுவார், இவங்க கம்பத்துல ஏடிஎம்ல எடுத்து பிரிச்சு குடுப்பாங்க.

ஒரு வாரம் 38,000 வரவேண்டிய இடத்துல 20,000 தான் வந்துச்சு. மீதி 18,000 "அனுப்பியாச்சு" ன்னு ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்துச்சு, பணம் வரல. பொம்பளைங்க கேக்க ஆரம்பிச்சதும் அக்கா வட்டிக்கு வாங்கி குடுத்துட்டாங்க. இப்போ சூப்பர்வைசர் "நான் அனுப்பிட்டேன், நீ உன் பேங்க்ல போய் கேளு" ன்னு சொல்றார். கூலி கூட்டி கேட்டதுக்கு ஏலக்கா விலை இறங்கிடுச்சுன்னு பதில். போன வாரம் மலையாளத்துல ஏதோ பேப்பர் குடுத்து எல்லார்கிட்டயும் கையெழுத்து கேட்டிருக்காங்க.

இதுக்கு நடுவுல போன் பிரச்சனை. திருப்பூர்ல வேலை பாக்குற பையன் அவனோட பழைய போன குடுத்திருக்கான். ஜிபே எல்லாம் செட் பண்ணிக் குடுத்தது ஊர்ல மொபைல் கடை வச்சிருக்க தம்பி, பின் நம்பரும் அவனுக்குத் தெரியும். கொழுந்தனார் "லொகேஷன் ஆன்ல வச்சா போலீஸ் பாத்துக்கிட்டே இருக்கும், நெட்ட ஆஃப் பண்ணி வை" ன்னு சொல்லியிருக்கார். இப்போ ஸ்டோரேஜ் ஃபுல்லுன்னு வருது, பையன் "ரீசெட் அடிச்சிரும்மா, புதுசு மாதிரி ஆயிரும்" ங்குறான். கடைசியா அக்கா எழுதியிருக்க வரி இது: "எட்டாவது படிச்ச எனக்கு இந்த போன் பேசுறதுக்கும் சீரியல் பாக்குறதுக்கும் தவிர எதுக்கும் ஆகாதுன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு இதவச்சு ஏதாவது உருப்படியா பண்ணமுடியுமா, போன பணம் கிடைக்குமா?"

அக்கா, பண்ணமுடியும். நீங்க கேட்ட ரெண்டு கேள்வியும் ஒரே கேள்விதான், ஏன்னா அந்தப் பணத்துக்கான சாட்சி முழுக்க உங்க போன்லதான் இருக்கு. அதனால மொதல்ல ஒரு விஷயம், இத படிச்ச உடனே பையனுக்கு போன் போட்டு சொல்லிருங்க. ரீசெட் பண்ணக்கூடாது. ரீசெட் அடிச்சா சூப்பர்வைசர் அனுப்புன வாய்ஸ், அந்த ஸ்கிரீன்ஷாட், ஒவ்வொரு வாரமும் "இத்தன ஆளு, இவ்வளவு கூலி" ன்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டது எல்லாமே போயிரும். பேக்கப் எடுத்துருக்கான்னு பாக்காம அடிச்சா திரும்ப எடுக்கவே முடியாம போகலாம்.

எழுத்துல எதுவும் இல்லன்னு நினைக்காதீங்க

"எல்லாம் வாய் பேச்சுதான், எழுதி வாங்கல, அதனால கேஸ் நிக்காது" ன்னு எழுதியிருக்கீங்க. அது சரியில்லக்கா. 2024 ஜூலை 1ல இருந்து நடைமுறையில இருக்க பாரதிய சாக்ஷ்ய அதினியம்ங்குற சாட்சியச் சட்டத்துல வாட்ஸ்அப் மெசேஜும் வாய்ஸும் மின்னணு ஆவணம்தான். அதுக்கு 63ம் பிரிவுல ஒரு சர்டிபிகேட் சேத்து குடுக்கணும், அத உங்க வக்கீல் பாத்துக்குவார். நீங்க பாத்துக்கவேண்டியது, அந்த மெசேஜ் வந்த போன் பத்திரமா இருக்கணும், சாட்ல எதையும் அழிக்கக்கூடாது, உங்களுக்கு சாதகம் இல்லாத மெசேஜா இருந்தாலும் சரி.

அவர் பக்கத்துல இருந்து அழிச்சுருவாரோன்னு பயப்படுறீங்க. வாட்ஸ்அப்ல அனுப்புனத எல்லாருக்கும் அழிக்குறதுக்கு ரெண்டு நாளைக்கு கொஞ்சம் மேலதான் டைம் இருக்கு. உங்க விஷயம் நடந்து அத தாண்டிருச்சு, அதனால உங்க போன்ல வந்தத அவரால இனி எடுக்க முடியாது. ஆனா அந்த சாட்ட திறந்து மேல அவர் பேர தொட்டு "மறையும் மெசேஜ்" ஆன்ல இருக்கான்னு பாருங்க, 24 மணி நேரம், 7 நாள், 90 நாள்னு அதுல இருக்கும். ஆன்ல இருந்தா உடனே ஆஃப் பண்ணிருங்க.

அப்புறம் அதே சாட்ல மேல வலது பக்கம் மூணு புள்ளி இருக்கும், அத தொட்டு, மேலும்னு போனா சாட்ட எக்ஸ்போர்ட் பண்ணுன்னு வரும். மீடியாவோட சேத்துன்னு குடுத்து உங்க மெயிலுக்கோ பையனோட வாட்ஸ்அப்புக்கோ அனுப்பிருங்க. வைஃபை இருக்க இடத்துல பண்ணுங்க, வாய்ஸ் எல்லாம் சேந்து பெருசா இருக்கும்.

இப்போ ஸ்டோரேஜ். ரீசெட் இல்லாமலே இடம் கிடைக்கும். வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ்னு ஒரு இடம் இருக்கு, அதுல ஸ்டோரேஜ நிர்வகின்னு போனா பலமுறை ஃபார்வர்ட் ஆனது, பெரிய ஃபைல்னு தனித்தனியா பிரிச்சு காட்டும். குட்மார்னிங் படம், சாமி வீடியோ, கோழி வறுவல் வீடியோ எல்லாம் அங்கதான் ஜிபி கணக்குல உக்காந்திருக்கும். குரூப் குரூப்பா பாத்து அழிங்க, சூப்பர்வைசர் பேரு இருக்க சாட்ட மட்டும் தொடவே தொடாதீங்க. அதோட ஆட்டோ டவுன்லோட ஆஃப் பண்ணிட்டா, நீங்க தொட்டாத்தான் படம் இறங்கும்.

18,000 ரூபா எங்க போச்சுன்னு கண்டுபிடிக்குறது

ஸ்கிரீன்ஷாட் பணம் இல்லக்கா. அத எடிட் பண்ண முடியும், வேற ஆளுக்கு அனுப்புனதயும் காட்ட முடியும், "ப்ராசஸிங்" ல நிக்கும்போதே எடுத்தும் அனுப்பலாம். அதனால அவர திருடன்னும் நான் சொல்லல, ஒருவேளை நிஜமாவே டிரான்ஸாக்ஷன் ஃபெயிலா போயிருக்கலாம். ஆனா அதுக்கும் வழி இருக்கு. யுபிஐல ஒருத்தர் அக்கவுண்ட்ல காசு கழிஞ்சு இன்னொருத்தருக்கு சேரலன்னா, மறுநாளுக்குள்ள அது அனுப்புனவருக்கே திரும்பி போயிருக்கணும், லேட்டானா நாளுக்கு 100 ரூபா சேத்து குடுக்கணும்னு 2019 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கு. அப்போ உங்களுக்கே நிஜமா அனுப்பியிருந்தா கணக்கு ரெண்டே ரெண்டுதான். பணம் உங்களுக்கு வந்திருக்கணும், இல்ல அவர் அக்கவுண்டுக்கு திரும்பி போயிருக்கணும். நடுவுல எங்கயும் இத்தன நாள் தொங்கிட்டு இருக்காது.

அதனால அவர்கிட்ட சண்டை போடாம ஒரே ஒரு மெசேஜ் போடுங்க: "அண்ணே, இந்தத் தேதி 18,000 அனுப்புனதா சொன்னீங்க, எனக்கு வரல, அந்த 12 இலக்க யுடிஆர் நம்பர அனுப்புங்க, பேங்க்ல காட்டி கேக்குறேன்." யுடிஆர்ங்குறது ஒவ்வொரு தடவை பணம் அனுப்பும்போதும் அதுக்குன்னு விழுற தனி நம்பர். வாய்ஸா போடாம எழுத்தா போடுங்க. நம்பர் குடுத்தார்னா உங்க பேங்க்ல அத வச்சு தேடிப் பாத்து சொல்லிருவாங்க. குடுக்கலன்னா, கேட்டும் குடுக்கலங்குறது அந்த சாட்லயே தேதியோட நிக்கும். கூடவே அந்த வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்குமான பேங்க் ஸ்டேட்மெண்ட் வாங்கி வைங்க. பணம் வரலங்குறதுக்கு உங்க பக்கத்து சாட்சி அதுதான்.

இன்னொண்ணு எழுதியிருக்கீங்க, அவர் போட்டோவப் போட்டு ஊர் குரூப் எல்லாத்துலயும் "ஏமாத்துக்காரன்" ன்னு போடப்போறேன்னு. உங்க கோவம் புரியுது, வட்டிக்கு வாங்கி குடுத்தது நீங்க. ஆனா அத பண்ணாதீங்க. அது அவதூறு கேஸா திரும்பி உங்க மேலயே வரும், பாரதிய நியாய சன்ஹிதாங்குற புது தண்டனைச் சட்டத்துல 356வது பிரிவு அதுக்குத்தான் இருக்கு. இப்போ நியாயம் உங்க பக்கம் இருக்கு, அந்த ஒரு போஸ்டால அவர் கையில ஒரு ஆயுதத்த நீங்களே குடுத்த மாதிரி ஆயிரும்.

பின் நம்பர் அந்தத் தம்பிகிட்ட இருக்கக்கூடாது

"நல்ல பையன்தான், சின்னதுல இருந்து தெரியும்" ன்னு எழுதியிருக்கீங்க. நல்ல பையனாவே இருக்கட்டும். நாளைக்கு உங்க அக்கவுண்ட்ல வேற யாரோ கைய வச்சாங்கன்னா பேங்க் கேக்குற மொதல் கேள்வி, பின் வேற யாருக்காவது தெரியுமா? ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, உங்க தப்பு எதுவும் இல்லாம, பேங்க் பக்கமும் தப்பு இல்லாம வெளி ஆளால பணம் போயிருந்து, தகவல் வந்த மூணு வேலை நாளுக்குள்ள பேங்க்ல சொல்லிட்டீங்கன்னா உங்களுக்கு நஷ்டம் இல்ல. நாலுல இருந்து ஏழு நாளுக்குள்ளன்னா ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும்தான் உங்க தலைல. ஆனா பின்னயோ ஓடிபியயோ நீங்களே ஒருத்தர்கிட்ட குடுத்திருந்தா, பேங்க்ல புகார் சொல்ற நேரம் வரைக்கும் போனது உங்க நஷ்டம்தான். அந்தத் தம்பி நல்லவனா இருக்குறதால இந்த விதி மாறாது.

ஜிபேல உங்க போட்டோவத் தொட்டு, பேங்க் அக்கவுண்டுக்குள்ள போனா பின்ன மாத்துற இடம் இருக்கு. கல்யாண வருஷம், பிறந்த வருஷம், பையன் பொறந்த தேதி வேண்டாம். அத முடிச்சுட்டு இன்னும் மூணு இடத்துல பாருங்க. பிளே ஸ்டோர திறந்தா மேல மூலையில ஒரு வட்டம் இருக்கும், அத தொட்டா எந்த ஜிமெயில் ஐடின்னு காட்டும். நிறைய கடைகள்ல அவசரத்துக்கு அவங்களோட ஐடியவே போட்டுக் குடுத்துடுறாங்க, அப்படி இருந்தா உங்க கான்டாக்ட், போட்டோ எல்லாம் அவங்க ஐடிக்கு போய் சேரலாம். பையன வச்சு உங்க பேர்ல ஒரு ஐடி போட்டு, உங்களோடது எல்லாம் அங்க வந்துருச்சான்னு பாத்துட்டு அப்புறம் பழசத் தூக்குங்க. அடுத்து போன் செட்டிங்ஸ்ல ஃபிங்கர் பிரிண்ட் எத்தன பதிவாயிருக்கு, உங்க விரல் மட்டும்தானா. கடைசியா வாட்ஸ்அப்ல லிங்க் பண்ண டிவைஸ்னு ஒண்ணு இருக்கும், அங்க உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் எதுவும் இருக்கக்கூடாது.

பணம் வர்றதுக்கு பின் தேவையே இல்ல. பின் கேட்டா ஒண்ணு பணம் வெளிய போகுது, இல்ல நீங்க பேலன்ஸ் பாக்குறீங்க. "பணம் அனுப்புறேன், பின்ன அடிங்கக்கா" ன்னு எவன் சொன்னாலும் போன வச்சுருங்க. ஏமாந்துட்டா யோசிச்சுட்டு இருக்காம 1930ங்குற சைபர் மோசடி புகார் நம்பருக்கு அடிங்க, கம்பத்துல இருந்தாலும் குமுளில இருந்தாலும் அதே நம்பர்தான். எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவுக்கு அந்தப் பணம் அடுத்த அக்கவுண்டுக்கு தாவுறதுக்கு முன்னாடி நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. "ஜிபேல போன காசு போனதுதான்" ன்னு ஊர்ல சொல்றத நம்பி பேசாம இருந்துட்டாத்தான் நிஜமாவே போயிரும். அப்புறம் பார்டர்ல இருக்க நம்மளுக்கு இன்னொரு தலைவலி உண்டு, இது கேரளா ஸ்டேஷன், அது தமிழ்நாடு ஸ்டேஷன்னு அலையவிடுறது. குற்றம் எங்க நடந்திருந்தாலும், அது போலீஸ் நேரா விசாரிக்கக்கூடிய குற்றமா இருந்தா, எந்த ஸ்டேஷன்லயும் புகார் குடுக்கலாம்னு புது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173வது பிரிவு சொல்லுது. அத சொல்லி கேளுங்க.

எல்லார் கூலியும் உங்க அக்கவுண்ட் வழியா வரலாமா?

நீங்க இத கேக்கல, ஆனா எனக்கு உங்க லெட்டர்லயே பெரிய கவலை இதுதான். 14 பேர் கூலி மாசக்கணக்கா உங்க அக்கவுண்ட்ல வந்து போகுது. நாளைக்கு ஒருத்தி தோட்டத்துல விழுந்து அடிபட்டா "எங்களுக்கு அந்தம்மாதான் கான்ட்ராக்டர், அவங்ககிட்ட கேளுங்க" ன்னு தோட்டத்துக்காரங்க கைய விரிக்க அது ஒரு சாக்கு ஆயிரும். நீங்களும் அவங்க கூட நின்னு காயெடுக்குற கூலியாள்தான்னு அப்புறம் நிரூபிச்சுட்டு இருக்கணும்.

அவங்கவங்க அக்கவுண்டுக்கே நேரா போட சொல்றதுதான் சட்டப்படி நல்ல வழி. ஆனா அது எல்லாருக்கும் ஒத்துவராதுன்னும் எனக்குத் தெரியும். சிலர் அக்கவுண்ட்ல காசு விழுந்த உடனே குழு லோன் தவணை கழிஞ்சுரும், சிலர் வீட்ல ஏடிஎம் கார்டு புருஷன் பாக்கெட்ல இருக்கும், அந்தப் பொம்பளைங்க "அக்கா, என் காச நீயே வாங்கி கையில குடு" ன்னு சொல்றது காரணம் இல்லாம இல்ல. அதனால யாரு யாரு நேரா வாங்க சம்மதிக்கிறாங்களோ அவங்களுக்கு நேரா, மத்தவங்களோடத மட்டும் உங்க வழியா. உங்க வழியா வர்றதுக்கு கணக்கு போன்ல இருக்கணும், அத அடுத்து சொல்றேன்.

ஏடிஎம் வாசல்ல "அக்கா, உங்களுக்கு ஜிபே பண்றேன், கையில காசு குடுங்க" ன்னு கேக்குற ஆளுங்களுக்கு குடுக்குறீங்கன்னும் ஒரு வரி போற போக்குல எழுதியிருக்கீங்க. அத இன்னைக்கே நிறுத்துங்க. அந்தக் காசு எங்கயோ ஒருத்தர ஏமாத்தி எடுத்ததா இருந்தா, அந்த வரிசைல இருக்க எல்லா அக்கவுண்டும் மாட்டும், உங்களோடதும் சேந்து முடங்கும், சனிக்கிழமை 14 பேர் கூலியும் உள்ள சிக்கிக்கும். சந்தேகத்துல இருக்க தொகைய மட்டும்தான் நிறுத்தி வைக்கணும், மொத்த அக்கவுண்டயும் முடக்கக்கூடாதுங்குற மாதிரி 2023ல கேரளா ஹைகோர்ட் சொல்லியிருக்கு, ஆனா அத காட்டி எடுத்துவிடுறதுக்குள்ள வாரங்கள் ஓடிரும்.

கணக்கு நோட்டோட போனையும் சேத்துக்கோங்க

உங்க 80 பக்க நோட்ட விட்றாதீங்க. போன் அதுக்கு பதிலு இல்ல, அதுக்கு காவல். தினமும் சாயங்காலம் ஜீப்புல ஏறுறதுக்கு முன்னாடி அன்னைக்கு எழுதுன பக்கத்த ஒரு போட்டோ எடுங்க. அத நீங்களே ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சு, வர்ற பொம்பளைங்களையும் சூப்பர்வைசரையும் அதுல சேத்து, "இன்னைக்கு 13 ஆள், காயெடுப்பு, ஒருத்தி லீவு" ன்னு போட்டோவோட அன்னன்னைக்கே போட்டுருங்க. டைப் பண்ண வராதுன்னு சொல்லாதீங்க, கீபோர்டுல ஒரு மைக் படம் இருக்கு பாருங்க, கீபோர்டு செட்டிங்ஸ்ல தமிழ சேத்துட்டு அத தொட்டு பேசுனா அதுவே தமிழ்ல எழுதிக்கும். நம்ம பேச்ச அப்பப்போ தப்பா எழுதும், எண்ண மட்டும் ஒரு தடவை சரிபாத்துட்டு அனுப்புங்க.

இதுல என்ன லாபம்னா, நடந்த அன்னைக்கே போட்ட கணக்கு, வேலை குடுக்குறவர் பக்கத்து ஆளும் பாத்துட்டார், மறுக்கல. மூணு மாசம் கழிச்சு ஞாபகத்துல இருந்து எழுதுற கணக்க விட கோர்ட்டுல இதுக்கு மதிப்பு அதிகம். சூப்பர்வைசர் குரூப்ப விட்டு வெளிய போனார்னா அதுவும் அதுலயே பதிவாகும். அட்வான்ஸ் குடுக்கும்போதும் அப்படித்தான், "சரி, ரெண்டாயிரம் வாங்கிக்கிட்டேன்" ன்னு வாங்குறவங்களயே ஒரு வாய்ஸ் போடச் சொல்லுங்க. பொம்பளைங்களுக்குள்ள வர்ற சண்டை பாதி இதுலயே நின்னுரும்.

லொகேஷன், நெட்டு, மலைப்பாதை

கொழுந்தனார் சொன்னது பாதி பயம், பாதி தப்பு. போலீஸுக்கு ஒருத்தர் எங்க இருந்தார்னு சட்டப்படி தெரியணும்னா உங்க போன்ல லொகேஷன் ஆன்ல இருக்கணும்னு இல்ல, டவர் விவரத்த கம்பெனிகிட்ட வாங்கிக்குவாங்க. நீங்க ஆஃப் பண்ணி வச்சா நஷ்டம் உங்களுக்குத்தான். மழைக்காலத்துல அந்த மெட்டுல ஆள் நிறைய ஏத்திட்டு ஜீப் ஏறி இறங்குறத நெனச்சாலே எனக்கு பதறுது. கிளம்பும்போது வாட்ஸ்அப்ல பையனுக்கு லைவ் லொகேஷன் போட்டுவிடுங்க, 15 நிமிஷம், 1 மணி நேரம், 8 மணி நேரம்னு இருக்கும், 8 குடுத்தா வேலை நேரம் பெரும்பாலும் அடங்கிரும். டவர் இல்லாத வளைவுல நின்னுபோகும், ஆனா கடைசியா எங்க இருந்தீங்கன்னாவது அவனுக்குத் தெரியும். அப்புறம் கூகுள் மேப்ல கம்பத்துல இருந்து கட்டப்பனை வரைக்கும் உள்ள இடத்த வீட்ல வைஃபைல இருக்கும்போதே டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க, நெட் இல்லாமலும் வழி காட்டும். ஆபத்துன்னா 112, ஆம்புலன்ஸுக்கு 108, ரெண்டும் ரெண்டு மாநிலத்துலயும் வேலை செய்யும். தெரியாத ஆப்புக்கு மட்டும் லொகேஷனும் கான்டாக்ட்டும் குடுக்காதீங்க, முக்கியமா லோன் ஆப். முறையான கடன் ஆப் உங்க கான்டாக்டயும் போட்டோவயும் தொடவே கூடாதுன்னு 2022லயே ரிசர்வ் வங்கி சொல்லிருச்சு, அத கேக்குற ஆப்பு எதுவா இருந்தாலும் தூக்கிருங்க.

அந்த மலையாள பேப்பர்

இன்னும் கையெழுத்து போடலன்னு எழுதியிருக்கீங்க, நல்லதா போச்சு. பேசுறதுக்கு மலையாளம் உங்களுக்கு பிரச்சனை இல்ல, படிக்கத்தான் வராது. கூகுள் லென்ஸ்னு கேமராவால படிக்குற ஆப் ஒண்ணு உங்க போன்லயே இருக்கும். பேப்பர வெளிச்சத்துல வச்சு, லென்ஸ திறந்து, மொழிபெயர்ன்னு குடுத்து, தமிழ்னு தேர்ந்தெடுத்தா அந்த எழுத்து மேலயே தமிழ் வந்து நிக்கும். அச்சடிச்சதா இருந்தா விஷயம் என்னன்னு புரியுற அளவுக்கு வரும். கையால எழுதுனத கண்டபடி படிக்கும், அத நம்பாதீங்க. தொகை, தேதி, "முழுவதும் பெற்றுக்கொண்டேன்", "இனி எந்தக் கோரிக்கையும் இல்ல" ங்குற மாதிரி எதுவும் வருதான்னு முக்கியமா பாருங்க. அப்படி வந்தா உங்க 18,000த்துக்கு அது கதவ சாத்துற பேப்பரா இருக்கலாம். லென்ஸ் சொன்னத வச்சு கையெழுத்து போடவேண்டாம், போடாம நிறுத்துறதுக்கு மட்டும் அத வச்சுக்கோங்க. கையெழுத்து போட்டுத்தான் ஆகணும்னு நெருக்கினா, போட்டோ எடுத்துட்டு, "வீட்ல காட்டிட்டு திங்கக்கிழமை தர்றேன்" ன்னு சொல்லுங்க, அதுக்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கு.

ஏலக்கா விலை விஷயம். அத சூப்பர்வைசர் வாயில இருந்து தெரிஞ்சுக்கவேண்டியதே இல்ல. போடிலயும் புற்றடிலயும் நடக்குற ஏலத்துல எவ்வளவு காய் வந்துச்சு, எவ்வளவு வித்துச்சு, உச்ச விலை என்ன, சராசரி என்னன்னு ஸ்பைசஸ் போர்டுங்குற மத்திய அரசு வாரியத்தோட சைட்ல ஏலத் தேதி வாரியா போடுறாங்க. கூகுள்ல மைக்க தொட்டு "ஸ்பைசஸ் போர்டு ஏலக்காய் ஏல விலை" ன்னு கேளுங்க. சராசரியத்தான் பாக்கணும், உச்ச விலை ஒரு நல்ல லாட்டுக்கு போயிருக்கும், அத வச்சு பேசுனா உங்கள மடக்கிருவாங்க. விலை இறங்குனாலும் அரசு நிர்ணயிச்ச குறைஞ்சபட்ச கூலிய குறைக்க முடியாதுங்குறதும் மனசுல இருக்கட்டும்.

ஆதார் போட்டோவும் டிஜிலாக்கரும்

கேலரில வச்சிருக்க ஆதார் போட்டோ, ஜீப் டிரைவரோட லைசென்ஸ் போட்டோ, அது செக்போஸ்ட்ல ஆவணம் ஆகாது. டிஜிலாக்கர்ங்குற அரசு ஆப்ல, அரசு துறையில இருந்து நேரா வந்து இறங்குற டாக்குமெண்ட்தான் ஒரிஜினலுக்கு சமம், லைசென்ஸ், ஆர்சி எல்லாம் அப்படி போன்ல காட்டலாம்னு 2018லயே மோட்டார் வாகன விதிய மாத்திட்டாங்க. நீங்களே போட்டோ எடுத்து அதுல ஏத்துனா அது வெறும் போட்டோதான், இதுலதான் பலபேர் ஏமாறுறாங்க. உங்க ஜீப் டிரைவருக்கும் சொல்லுங்க, கூடவே பெர்மிட்டும் இன்ஷூரன்ஸும் ஆள் ஏத்துறதுக்கு செல்லுமான்னும் அவர கேளுங்க, அது இல்லன்னா போன்ல எத காட்டியும் பிரயோஜனம் இல்ல. தோட்டத்துல ஆதார் கேட்டா கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியுற மாஸ்க் ஆதார டவுன்லோட் பண்ணி குடுங்க.

பணத்துக்கு எங்க போறது

மூணு வழி இருக்கு. யுடிஆர் கேட்டு ஒரு வாரம் பாருங்க, பாதி விஷயம் அதுலயே முடிஞ்சுரும், நம்பர் கேட்ட உடனே "மறந்துட்டேன், அனுப்பிடுறேன்" ன்னு பணம் வர்றத நான் பாத்திருக்கேன். வரலன்னா வேலை நடந்தது இடுக்கி மாவட்டம், அதனால கூலி புகார் அங்க இருக்க லேபர் ஆபீஸுக்குத்தான் போகணும். தமிழ்ல எழுதுனா எடுத்துக்க மாட்டாங்கன்னு பயப்படவேண்டாம், தமிழ் சிறுபான்மை பகுதின்னு அறிவிச்ச இடங்கள்ல இருக்க ஆபீஸுக்கு தமிழர்கள் தமிழ்லயே எழுதலாம்னு 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டத்துல இருக்கு. மூணாவது போலீஸ், ஸ்கிரீன்ஷாட் பொய்யானதுன்னு பேங்க் பதில் வந்தப்புறம் மட்டும். அதுக்கு முன்னாடி போனா, மத்த 14 பேரோட வேலையும் நின்னுபோகலாம், அந்த முடிவ அவங்களோட உக்காந்து பேசி எடுங்க, தனியா எடுக்காதீங்க.

வக்கீல் ஃபீஸுக்கு யோசிக்காதீங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டத்துல 12வது பிரிவு. 15100க்கு போன் பண்ணாலும் சரி, உத்தமபாளையம் கோர்ட்டுல இருக்க சட்டப்பணிகள் குழுவுக்கு நேரா வந்தாலும் சரி. வரும்போது நோட்டு, ஸ்டேட்மெண்ட், அந்த மலையாள பேப்பரோட போட்டோ, போன் எல்லாம் கொண்டு வாங்க.

கடைசியா, புது போன் வாங்கணுமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம், இருக்க போனே நான் சொன்ன எல்லாத்துக்கும் போதும். மெனு எல்லாம் தமிழ்ல மாத்திக்கலாம், மொதல்ல சில வார்த்தை புத்தகத் தமிழா இருந்து குழப்பும், அதனால வாட்ஸ்அப்பயும் ஜிபேவயும் மட்டும் மொதல்ல மாத்துங்க, பழகுனதும் மத்தது. பேட்டரி நிக்கலன்னா பேட்டரிய மட்டும் மாத்துங்க, கழட்டும்போது பக்கத்துலயே உக்காந்திருங்க. ஒருவேளை தீபாவளிக்கு பையன் புதுசு வாங்கிக் குடுத்தாலும் இந்தப் பழைய போன எக்ஸ்சேஞ்சுல போட்றாதீங்க, 18,000 கைக்கு வர்ற வரைக்கும் சுவிட்ச் ஆஃப் பண்ணி பீரோல வைங்க, மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து சார்ஜ் போடுங்க.